மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

எங்கள் வேனின் ஃப்ரிட்ஜுக்கு ஒரே ஒரு குமிழ்.
ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள்.
நான்கு அழிந்துபோயிற்று
டார்சியின் கட்டைவிரல் பட்டுப் பட்டு.

அவருக்கு ஐஸ் வேண்டும்.
மாலை ஆறு மணிக்கு
விஸ்கி மேல் பட்டதும்
'டிக்' என்று அது விரிசல் விட வேண்டும்.
கல்கூர்லியில் முப்பத்தொரு வருடம்
தரைக்கடியில் வெந்தவர்.
பணி ஓய்வில் அவர் கேட்டது
அந்த ஒரு சத்தம்தான்.

எனக்கு இன்சுலின்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
உறைந்தால் செத்தது.
பிறகு உருகினாலும் உயிர் வராது.

நல்லர்பார்.
மரமே இல்லை என்று
பெயரிலேயே சொல்லிவிட்ட சமவெளி.
பகலில் நாற்பத்து மூன்று.
ஃப்ரிட்ஜின் முதுகில்
சுண்டுவிரல் நகமளவு நீலச் சுடர்,
கேஸில் எரிகிறது.
நெருப்பை மூட்டிக் குளிர வைக்கும் பெட்டி:
எப்படி என்று இரண்டு முறை விளக்கினார் டார்சி,
இரண்டு முறையும் தலையாட்டினேன்.

வண்டி சாய்ந்து நின்றால் அதற்கு வேலைநிறுத்தம்.
நிறுத்தியதும் முதல் காரியம்
மட்டப்பலகையைத் தரையில் வைத்து
குமிழி நடுவுக்கு வரும்வரை
இடது சக்கரத்தின் கீழே கட்டை சொருகுவது.
உள்ளே குமிழ், வெளியே குமிழி,
இரண்டுக்கும் நடுவே எங்கள் தாம்பத்தியம்.
பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய விசிறி ஒன்று
பின்பக்க வெப்பத்தை வெளியே தள்ளியபடி
நாள் முழுக்க முனகும்.

கதவுக்கு ஒரு சட்டம் உண்டு.
திறக்கும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
"என்ன எடுக்கிறாய்?"
"வெண்ணெய்."
"மூடு."

இரவில் பதினாறு டிகிரி.
பகலுக்காகத் திருகிய குமிழ்
இருட்டியது தெரியாமல் உழைத்துக்கொண்டே இருக்கும்;
கீரை இலை கண்ணாடியாகிவிடும்.
அதனால் படுக்கும் முன் மூன்றில் வைப்பேன்.
இரண்டு மணிக்குக் 'கிளிக்' கேட்கும்: ஐந்து.
சற்றுப் பொறுத்து
கழிவறைக்குப் போகிற சாக்கில் நான் எழுவேன்: மூன்று.
காலையில் தட்டில்
பாலாடைபோல் ஒரு படலம், அடியில் தண்ணீர்.
இருவரும் அதைப் பார்ப்போம்.
இருவரும் ரொட்டிக்கு ஜாம் தடவுவோம்.

ஒன்பதாம் இரவு நான் தூங்கிவிட்டேன்.
ஏழு மணிக்குப் பதறி எழுந்து, சட்டத்தை மறந்து,
கதவைத் திறந்தேன்.
தட்டில் எட்டுக் கட்டி,
வெள்ளையாக, ஓரம் கூராக, முழுசாக.
என் இரண்டு பேனாக்களும் கதவுத் தட்டில் இல்லை.

காய்கறிப் பெட்டியின் அடியில்,
அவருடைய கம்பளிக் காலுறைக்குள்,
சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய ஜாம் பாட்டில்களைக்
காவலுக்கு வைத்துக்கொண்டு
படுத்திருந்தன.
காலுறைக்குள் வெப்பமானியின் முனை.
அதன் கம்பி வெளியே தொங்கியது.
மேசையில் ஒரு பெட்ரோல் ரசீது, பின்பக்கம் பென்சிலில்:

12.30 — 5.2
1.15 — 4.9
2.00 — 4.4
3.00 — 3.8
3.30 — 3.3 (குமிழ் சற்றுக் குறைத்தேன்)
4.10 — 3.6
5.00 — 3.5
5.40 — 3.5 ஐஸ்!

அந்த ஆச்சரியக்குறியை இரண்டு முறை அழுத்தியிருந்தார்.

பகலில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓட்டினார்,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பேசாமல்.
நானும் ரசீதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
நிறுத்தினோம். கட்டை. குமிழி.
மடக்கு நாற்காலியை விரித்து, ஐந்தே முக்காலுக்கு
வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.
தொப்பியில் நாலு ஈ.

ஆறு மணிக்கு நான்தான் ஊற்றினேன்.
கதவைத் திறந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
கண் திறக்காமலே
"என்ன எடுக்கிறாய்?" என்றார்.
"ஐஸ்."
"மூடு."

மூடினேன்.
கோப்பையில் அது 'டிக்' என்றது.
அவருக்குக் கேட்கவில்லை.
இன்னும் ஏழு இருக்கிறது.